ஒத்தையில போட்டா குருவிக்கு

பொங்கல் வாரத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் கடைகளில் கரும்பு, மஞ்சள் கொத்து, பானையோடு நெற்கதிர்க் கட்டும் விற்பார்கள். அப்படி வாங்கிய கட்டு ஒன்று எங்கள் வீட்டு வாசலில் எட்டு மாதம் தொங்கியது. கட்டிலிருந்து உதிர்ந்த நெல்லைக் கூட்டித் தள்ள மனம் வரவில்லை. செப்டம்பர் கடைசியில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில், மீன்காரர் வேண்டாம் என்று வைத்திருந்த இரண்டு தெர்மோகோல் பெட்டிகளில் சேறு கரைத்து விதைத்தேன். இந்த ஊரில் தேங்கிய தண்ணீர் என்றால் கொசு, கொசு என்றால் அபராதம். அதனால் பெட்டிக்கு நான்கு கப்பி மீன் விட்டேன். பயிர் தூர் கட்டியது, பூத்தது, பால் பிடித்தது. பொங்கலன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது சில்லைக் குருவிகள் வந்தன. பெருவிரல் பருமனுக்கு மேல் இருக்காது. மலாய்க்காரர்கள் பீப்பிட் என்பார்கள். தாளில் உட்கார்ந்து கதிரை வளைத்து, மணியை அலகில் உருட்டி, பாலை உறிஞ்சிவிட்டு உமியைத் துப்பின. மூன்று காலைகளில் முடிந்தது. தண்ணீர் மேல் உமி மிதந்தது, கப்பி மீன்கள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகின.

எங்கள் புளோக்கில் மின்தூக்கி மாற்றும் வேலைக்கு வந்திருந்த திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்துச் சிரித்தார். “ஒத்தையில போட்டா குருவிக்குத்தாங்க்கா. ஊரே போட்டாத்தான் நமக்கு மிஞ்சும்.”

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் கணக்கு சரியான கணக்கு. ஒரு வட்டாரத்தில் இருக்கும் குருவிகளின் வயிறு ஓர் அளவுதான். ஆயிரம் ஏக்கர் ஒரே வாரத்தில் பால் பிடித்தால் ஆளுக்கு ஒரு படி, இரண்டு படி போகும். ஒரே ஒரு வயல் முந்திக்கொண்டால் அத்தனை வயிறும் அங்கேதான் இறங்கும். பிந்திய வயலுக்கும் அதே கதிதான். எலிக்கும் புகையான் பூச்சிக்கும் இந்தக் கணக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். ஒரு வயல் அறுத்ததும் பக்கத்து வயலில் பச்சை இருந்தால் அவை செத்துப்போவதில்லை, வரப்பு தாண்டிப் போய்க் குடும்பம் பெருக்கும்.

கூட்டு நெல் வேளாண்மை என்றதும் நமக்குக் கிராமத்து ஒற்றுமை, மனிதநேயம், முன்னோர் பெருமை என்று பேசத்தான் வருகிறது. மேடையில் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வயலில் இறங்கிப் பார்த்தால், நெல் விதைத்தவனுக்கு அண்டை வயல்காரனைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவனோடு நாள் பேசி வைக்காமல் விளைச்சல் வீடு வந்து சேராது. கோயில், திருவிழா, பாட்டு, பஞ்சாங்கம் எல்லாம் அந்தப் பேச்சுவார்த்தையை ஆண்டுதோறும் தவறாமல் நடத்திவைக்கக் கண்டுபிடித்த வழிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குருவியைவிடப் பெரிய வழக்கு தண்ணீர். வாய்க்காலுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைமடைக்காரன் மடையைத் திறந்தால் முதலில் நனைவது அவன் வயல். மிஞ்சியதுதான் கீழே போகும். கடைமடைக்காரன் கோபப்படலாம், கெஞ்சலாம், மண்வெட்டியோடு இரவில் வரலாம். ஆனாலும் தண்ணீர் மேலே ஏறாது. அப்படியானால் தலைமடைக்காரன் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? உலகத்தில் நெல் விளையும் இடமெல்லாம் இந்தக் கேள்வி உண்டு. இதற்கு மிகத் தெளிவான விடை கிடைத்த இடம் இங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது: பாலித் தீவு.

நம்மில் பலர் பாலிக்குப் போய், படிப்படியாக இறங்கும் வயல்முன் நின்று படம் எடுத்து வந்திருக்கிறோம். அந்தப் படத்தில் தெரியாத ஓர் அமைப்பின் பெயர் சுபாக். ஒரே நீர்மூலத்திலிருந்து பாசனம் பெறும் உழவர்கள் எல்லாரும் ஒரு சுபாக். 50 பேரும் இருக்கலாம், 400 பேரும் இருக்கலாம். இப்படித் தீவில் ஏறத்தாழ 1,200 நீர்ச் சங்கங்கள். 11ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இந்தப் பெயரின் பழைய வடிவம் வருகிறது. சுபாக்கின் தலைவர் பெக்காசே. விதிகள் எழுதிவைத்தவை, பனையோலையில் எழுதியவையும் உண்டு. கூட்டத்தில் உயர்குலத்தார், மற்றவர் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. வயல் வைத்திருப்பவன் என்ற ஒன்றுதான் தகுதி. ஒவ்வொரு மடைக்கும் ஒரு சிறு கோயில், பல மடைகள் சேரும் அணைக்கு ஒரு பெரிய கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் எரிமலை ஏரியின் தெய்வத்துக்கு உலுன் டானு பாத்தூர் ஆலயம். எந்தச் சுபாக் எந்த வாரம் நாற்று விடும், எது வயலைக் காயப்போடும் என்பது இந்தக் கோயில்களின் சடங்கு முறையிலும் 210 நாள் பஞ்சாங்கத்திலும் முடிவாகும்.

1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கும் வந்தது. கோயில் நாள்காட்டியை விடுங்கள், குறுகிய காலப் பயிரைப் போடுங்கள், முடிந்தபோதெல்லாம் நடுங்கள், உரமும் பூச்சிமருந்தும் நாங்கள் தருகிறோம் என்றது அரசு. இரண்டு மூன்று போகம் வாரி வந்தது. பிறகு தண்ணீர் முறை குலைந்து, எப்போதும் எங்காவது பச்சை இருந்ததால் புகையான் ஓயவே இல்லை. மருந்தைக் கூட்டக் கூட்டப் பூச்சியைத் தின்னும் சிலந்திகள் செத்தன. 1986இல் இந்தோனேசியா நெல்வயலுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்யும் நிலைக்கு வந்தது. பாலி உழவர்கள் அதற்கு முன்பே பழைய நாள்முறைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள்.

இதை எண்ணாக மாற்றிக் காட்டியவர் ஸ்டீஃபன் லான்சிங் என்ற மானிடவியலாளர். ஊஸ், பெட்டானு என்ற இரண்டு ஆறுகளின் கரையில் உள்ள 172 சுபாக்குகளைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றும் இஷ்டத்துக்கு நட்டால் என்ன, எல்லாமே ஒரே நாளில் நட்டால் என்ன என்று ஓட்டிப் பார்த்தார். இரண்டும் நட்டம். தனித்தனியாக நட்டால் பூச்சி. எல்லாரும் ஒன்றாக நட்டால் எல்லாருக்கும் ஒரே நாளில் தண்ணீர் தேவைப்பட்டு ஆறு போதாது. இரண்டுக்கும் நடுவில், சில சுபாக்குகள் சேர்ந்து ஒரு குழுவாக, குழுவுக்குக் குழு நாள் தள்ளி நடும்போதுதான் விளைச்சல் உச்சத்துக்குப் போனது. அந்தக் குழுக்களின் வரைபடம் நீர்க்கோயில்கள் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த வரைபடத்தை ஒத்திருந்தது.

என்னை நிறுத்திவைத்த விவரம் வேறு. பூச்சியால் நட்டமா, தண்ணீர்ப் பற்றாக்குறையால் நட்டமா, எது மோசம் என்று உழவர்களைக் கேட்டிருக்கிறார்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் என்றார்கள். தலைமடைக்காரர்கள் பூச்சி என்றார்கள். முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. தலைமடைக்காரனுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, ஆனால் கீழ்வயல் தன்னோடு சேர்ந்து காயாவிட்டால் அங்கிருந்து பூச்சி ஏறிவரும். கீழ்வயல் தன்னோடு சேர்ந்து நட வேண்டுமென்றால் தன்னோடு சேர்ந்து நனைய வேண்டும். அதற்காகவே மடையைத் திறக்கிறான். பூச்சி இல்லாத பாலியில் இந்த ஒற்றுமை எத்தனை நாள் நின்றிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

லான்சிங் பிற்காலத்தில் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தார். அங்குள்ள இயற்பியல் அறிஞர்களும் சேர்ந்து, பாலி வயல்களின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே போனது: யாரும் மேலிருந்து ஆணையிடாமல், உழவர்கள் தத்தம் அண்டை அயலைப் பார்த்து நாள் மாற்றிக்கொண்டே வந்தாலே மொத்தத் தீவும் அந்தச் சீர்மைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது என்றது. ஒரு நெல்வயல்கூட இல்லாத ஊரில், ஜூரோங் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி. யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலப்பரப்பில் 19,500 ஹெக்டேரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலா வந்தது, அதன் பின்னாலேயே தங்குவிடுதிகளும் வந்தன. வாய்க்கால் நடுவில் ஒரு வயல் கட்டடமாகிவிட்டால் அதற்குக் கீழே உள்ளவர்களின் தண்ணீர்வழி அடைபடும். பட்டியலில் இருப்பது அந்த வாய்க்காலைத் தூர்வாராது.

நம் பக்கம் வருவோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். பட்டம் என்ற சொல்லே ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு விதைப்புக் காலம். சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊரிலுள்ள ஏர்களெல்லாம் ஒன்றாகப் பூட்டி உழுவது பொன்னேர். ஆடிப்பெருக்கு ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததைக் கொண்டாடுகிறது. தைப்பொங்கல் சம்பா அறுவடையை ஒட்டி வருகிறது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் திருவிழாப் பட்டியல் மாதிரி இருக்காது, வேலைத் திட்டம் மாதிரி இருக்கும். காவிரிப் படுகையில் இன்றும் ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் நாள். 1934இல் பாசனத்துக்கு வந்த அணை அது. இப்போது அந்தத் தேதியும் ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் வந்ததும் பூவும் நெல்லும் தூவுகிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் குடவோலைக்காக மேற்கோள் காட்டுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்தவை. எனக்கு அதில் பிடித்தது ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர், 360 நாள் பதவி, அது முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி ஓலைக்கு வரமுடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏரிக்கரைக்கு இவ்வளவு கறாரான நிர்வாகம்! ஆனால் முழுதாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அது பிராமணர் சபை. கால் வேலி நிலமாவது வைத்திருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரிக்குள் இறங்கிச் சேறு அள்ளியவன் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

இந்த இடத்தில் மரபைப் புகழ்வோர் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. மடை திறந்து, வயல் வயலாகப் பங்கு பார்த்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் நீர்க்கட்டிகள். தெற்கே மடைக்குடும்பன் என்பார்கள். பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். வெள்ளத்தில் மூழ்கி மதகைத் திறக்கும் வேலையும் அவர்களுடையதுதான். களத்தில் அவர்களுக்குச் சில மரக்கால் நெல். பாலியில் உழவனே உழவனோடு பேசி முடித்ததை, இங்கே நிலக்காரர்கள் பேசினார்கள், மற்றவர்கள் செய்தார்கள். ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பும் குடிமராமத்து வழக்கத்தை 1858இல் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது; கூட்டுழைப்புக்கும் கூலியில்லா வெட்டி வேலைக்கும் நடுவில் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். எல்லாரும் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டுப் போராடியது கூடுதலாகக் கொஞ்சம் நெல். அந்த மண்ணிலிருந்து வந்த நெற்கதிரைத்தான் நாம் வாசலில் கட்டுகிறோம். கட்டத்தான் வேண்டும், ஆனால் தெரிந்து கட்டுவோம்.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு மறுபடி தூர்வாரத் தொடங்கியது. இப்போது மண் அள்ளுவது பொக்லைன்.

நடவுப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி முந்தினால் அடுத்தவள் நடும் இடத்தில் கால்தடம் விழும், பிந்தினால் வரிசை வளைந்து இடைவெளி மாறும். பாட்டின் தாளம் எல்லார் கையையும் ஒரே வேகத்தில் வைத்தது. பிலிப்பீன்ஸின் இஃபுகாவோ மலையில் விதைப்பிலும் அறுவடையிலும் பெண்கள் பாடும் ஹுட்ஹுட் பாட்டுகள் 200க்கும் மேல். யுனெஸ்கோ அவற்றையும் காத்துவைக்கப் பட்டியலிட்டிருக்கிறது. அங்குள்ள படிவயல்களோ 1995இல் உலக மரபுடைமையாகி, பார்க்க ஆளில்லாமல் 2001இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2012இல்தான் வெளியே வந்தன. இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். திருவாரூர்த் தம்பியும் அப்படி வந்தவர்தான். அவருடைய அப்பா வயலில் இப்போது அறுவடை இயந்திரம் மணிக் கணக்குக்கு வாடகையில் இறங்குகிறது. வாடகை இங்கிருந்து, லிட்டில் இந்தியாவின் தேக்கா பணமாற்றுக் கடை வழியாகப் போகிறது.

சிங்கப்பூருக்கும் நெல்வயலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மாடு இருந்தது என்பதற்குப் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் சாட்சி. கண்டாங் கெர்பாவ் என்றாலே எருமைத் தொழுவம், அதைத்தான் சுருக்கி கேகே மருத்துவமனை என்கிறோம். ஆனால் நெல்லுக்கு இந்தத் தீவு எப்போதும் கைநீட்டித்தான் இருந்தது. பர்மா, சயாம், சைகோன் அரிசி படகில் வந்து இறங்கியது. மலாய்க் கம்பத்தின், அதாவது கிராமத்தின், கோத்தோங் ரோயோங் என்ற சொல் மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஜாவானியச் சொல், வயல், வீடு, கல்யாணம் எதுவானாலும் ஊர் கூடிச் செய்வது. இன்று பேட்டையில் துடைப்பத்தோடு துப்புரவுக்கு இறங்குவதற்கும் அதே பெயர்.

வயலில்லாத ஊர் வயலுக்குப் போன ஒரு கதை உண்டு. ஜப்பானியர் காலத்தில் அரிசி தீர்ந்து, வீடு வீடாக மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது, 1943இல் சிங்கப்பூர்க்காரர்களைக் காட்டுக்கு அனுப்பிப் பயிரிட வைக்கத் திட்டமிட்டார்கள். சீனர்களுக்கு ஜொகூரில் எண்டாவ், யுரேசியர்களுக்கும் சீனக் கத்தோலிக்கர்களுக்கும் நெகிரி செம்பிலானில் பகாவ். அலுவலகக் குமாஸ்தாவும் ஆசிரியரும் மண்வெட்டி பிடித்தார்கள். எண்டாவ் ஓரளவு தாக்குப்பிடித்தது. பகாவில் மண்ணும் சரியில்லை, தண்ணீரும் சரியில்லை, மலேரியா குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனது. கூடவே போய் மண்வெட்டி பிடித்த கத்தோலிக்க ஆயர் டெவால்ஸும் 1945 தொடக்கத்தில் இறந்தார். அவர்களிடம் ஒற்றுமைக்குக் குறைவில்லை, ஒரே கோயில், ஒரே துயரம். வாய்க்கால் எங்கே வெட்டுவது, எந்தப் பட்டத்தில் விதைப்பது என்று சொல்ல அந்த மண்ணில் வளர்ந்த ஆள் ஒருவர் இல்லை.

நாம் தேக்காவில் மூட்டையாக வாங்கும் பொன்னிக்கும் ஒரு பயணக் கதை இருக்கிறது. காவிரியின் பெயரைச் சூடியதால் தஞ்சாவூரிலேயே பிறந்தது என்று நினைப்போம். வெள்ளைப் பொன்னி, மலேசியாவில் 1965இல் வெளியான மஹ்சூரி ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்தது. தமிழ்நாட்டில் 1986இல் வெளியிட்டார்கள். மஹ்சூரியின் பெற்றோரில் ஒன்று மாயாங் எபோஸ் என்ற மலாய் நெல், இன்னொன்று தைவான் நெல். கூட்டு வேளாண்மை என்று இதையும் சொல்லலாம், கடல் தாண்டிய கூட்டு.

அந்த மூட்டைதான் 2023இல் நமக்கு நம் இடத்தைக் காட்டியது. ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் ஆளுக்கு இரண்டு மூட்டைதான் என்று அட்டை எழுதி ஒட்டினார்கள். நானும் வேண்டியதற்கு மேல் ஒன்று வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் இறுதியில் இந்தியா சிங்கப்பூருக்கென 50,000 டன் அனுமதித்தது. இங்குள்ள அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருப்பதால் பெரிய பதற்றம் வரவில்லை. ஆனால் உழவன் கண்ணால் பார்த்தால், நாம் உலக நெல் வாய்க்காலின் கடைமடை. பாலியில் கடைமடைக்காரனிடம் தலைமடைக்காரன் பயப்பட ஒரு பூச்சியாவது இருந்தது. நம்மிடம் இருப்பது பணமும் நல்லுறவும் நிரம்பிய கிடங்கும்.

இந்த முறை தோட்டத்தில் நான் தனியாகப் போடப் போவதில்லை. அடுத்த இரண்டு புளோக்கின் தோட்டங்களிலும் பேசியிருக்கிறேன். ஓர் அங்கிள் தன் கங்கோங் கீரைப் பாத்தியைத் தருகிறேன் என்றார், ஓர் ஆன்ட்டி கொசு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார், கப்பி மீனைக் காட்டினேன். செப்டம்பரில் ஒரே ஞாயிற்றுக்கிழமை விதைப்பதாகப் பேச்சு. வலையும் கட்டுவோம், பன்னிரண்டு பெட்டியெல்லாம் சில்லைக்கு ஒரு வாரப் பலகாரம்.

வேலை முடிந்து வேறு பேட்டைக்குப் போய்விட்ட தம்பிக்கு, எந்த வாரம் விதைக்கலாம் என்று ஜூன் கடைசியில் குரல்பதிவு அனுப்பினேன். இரவுதான் பதில் வந்தது. பின்னணியில் தங்குவிடுதியின் இரைச்சல். “மேட்டூர் திறந்து ரெண்டு வாரம் ஆச்சுக்கா. எங்க வாய்க்காலுக்கு இன்னும் வரல. அப்பா தினமும் போய்ப் பாத்துட்டு வர்றாரு. அது வந்ததும் சொல்றேன், அப்புறம் உங்க பெட்டிக்கு நாள் பாப்போம்.”